மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள்

'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும்' என்று பத்திரிகைகளில் ஒரு வாசகம் வருமே, நேயர்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். அந்த ஒரு வரியினால் எத்தனை பேருடைய தூக்கம் போயிருக்கிறது என்பது புஸ்தகம் எழுதினவனுக்குத்தான் தெரியும்.

1987-ல் என் முதல் நாவல் வெளியாயிற்று. சொந்தப் பணம், அதாவது, மனைவியின் வளையல். இரண்டு பிரதிகளைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அம்பத்தூரில் பஸ் ஏறி, ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏழு மாதம் கழித்து, 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி வந்தது. என் பெயர் சரியாக இருந்தது. விலையில்தான் ஒரு சைபர் கூடிவிட்டது. 18 ரூபாய்ப் புஸ்தகம் 180 ரூபாய் ஆயிற்று. அந்த நாளில் அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?

இதெல்லாம் மறந்துபோயிருந்தது. நினைவூட்டியவன் எங்கள் மாடியில் குடியிருக்கும் பையன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. அவனும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்திருக்கிறார்கள். இரண்டு வருஷ உழைப்பு. மூன்று பேருடைய சேமிப்பும் அதில் கரைந்துவிட்டது.

"சார், உங்களுக்குப் பத்திரிகைக்காரர்களைத் தெரியுமே. நாலு வரி வந்தால் போதும்" என்றான்.

"நீயே கேட்டுப் பார்த்தாயா தம்பி?"

கேட்டிருக்கிறான். ஒரு பத்திரிகையில் 'விளையாட்டு' என்று சொன்னதும் கிரிக்கெட் பக்கத்தாரிடம் அனுப்பினார்களாம். அவர்கள் சிரித்துவிட்டு, "இது சினிமா மாதிரி" என்று சினிமாக்காரரிடம் அனுப்பினார்கள். அவர், "நடிகர் யார்?" என்று கேட்டார். கடைசியில் வர்த்தகப் பகுதி. அங்கே, "எத்தனை கோடி முதலீடு?" என்றார்கள். மூன்று பேர், ஒரு மாடி அறை, இரண்டு மின்விசிறி என்று இவன் சொல்ல, பேட்டி முடிந்துவிட்டது. தமிழில் 'விளையாட்டு' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பதன் கஷ்டம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அவனுடைய தொழிலின் நடைமுறையைக் கேட்கக் கேட்க, என் பழைய கதையாகவே இருந்தது. 'ஸ்டீம்' என்று ஒரு பெரிய இணையக் கடை. 2017 முதல், ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் அங்கே சரக்கை வைக்கலாம். கதவு திறந்திருக்கிறது, அதுதான் தொல்லையும். 2024-ல் மட்டும் 18,000-க்கு மேற்பட்ட விளையாட்டுகள் வந்து குவிந்தனவாம். இரண்டு பிரதிகளுக்குப் பதிலாக இவர்கள் ஒரு சங்கேத எண்ணை விமரிசகருக்கு அனுப்புகிறார்கள். அதைப் போட்டால் விளையாட்டு இலவசமாகத் திறக்கும். கூடவே சில படங்கள், ஒரு சின்னப் படத்துணுக்கு, ஒரு கடிதம். பழுப்புக் காகிதமும் சணல் கயிறும் இல்லை, மற்றதெல்லாம் அதேதான்.

அதிர்ஷ்டமும் அதேதான். 'அமங் அஸ்' என்ற விளையாட்டு 2018-ல் வந்தது. இரண்டு வருஷம் அதிகம் பேர் சீந்தவில்லை. 2020-ல், ஊரடங்குக் காலத்தில், பிரபலமான சிலர் அதை விளையாடுவதை ஜனங்கள் இணையத்தில் வேடிக்கை பார்த்தார்கள். உலகமே அதன் பின்னால் ஓடிற்று.

"நம் தமிழ்க் கதை ஒன்றும் ஜெயித்திருக்கிறது சார்" என்று பையன் சொன்னான். கனடாவில் டொரண்டோ நகரத்தில் 'விசை' என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'. 1988-ல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பில் பாதி அழிந்துபோயிருக்கிறது. மிச்சத்தை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். பிள்ளையோ வளர வளர விலகிப் போகிறான். 2024-ல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. இட்லிக்கு இங்கிலாந்தில் பரிசு! எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இவன் விளையாட்டை எனக்குக் காட்டினான். ஒரு சிறுவன், அப்பாவுக்குச் சாப்பாட்டு கேரியரை எடுத்துக்கொண்டு, ஓ.டி.யிலிருந்து சைக்கிளில் தொழிற்பேட்டைக்குப் போகிறான். சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டும். லாரி, மாடு, மழைத் தண்ணீர், மூடிய ரயில் கேட். அவசரப்பட்டால் சாம்பார் சிந்திவிடும். மூன்று நாள் சாயங்காலம் விளையாடினேன். ஒரு தடவைகூடச் சாம்பார் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

பிறகு அவன் பத்திரிகைகளுக்கு எழுதின கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். 63 பேருக்கு அதே கடிதம். 40 கட்டங்கள், இன்ன மென்பொருள், இன்ன வசதிகள், தயவுசெய்து பிரசுரிக்கவும். பதில் வந்தது இரண்டு. அதில் ஒன்று, பணம் கட்டினால் எழுதுகிறோம் என்பது.

"இதில் உன் அப்பா எங்கே?" என்று கேட்டேன். அவர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இராக் காவல். "அதை எழுது. அதற்கு மனம் இரங்காத ஆசிரியர் கிடையாது."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த அடுக்குமாடியில் இருக்கிறவர்களும் படிப்பார்கள் சார். அப்பா அங்கே தான் லேத் ஓட்டினவர் என்று யாரிடமும் சொன்னதில்லை. அவரைக் கேட்காமல் அவர் கஷ்டத்தை நான் எப்படி விற்பது?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வளையல் கதையை மேலே எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா? மனைவியைக் கேட்டா சொன்னேன்?

பேச்சை மாற்றுவதற்காகப் பத்திரிகைக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தேன். வந்ததைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், ஒருவன் இரத்தம் இவர்களுக்குப் பழைய காகிதம் என்றெல்லாம் பொரிந்தேன். பையனின் பார்வை என் அலமாரிக்குப் போயிற்று. அங்கே ஒரு பொட்டலம். மூன்று வருஷத்துக்கு முன் யாரோ ஓர் இளைஞர், தம் முதல் கவிதைத் தொகுதி என்று எழுதி, அபிப்பிராயம் கேட்டு அனுப்பியது. கயிறு அவிழ்க்கப்படவில்லை. பையன் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

கடிதத்தைத் திரும்ப எழுதினோம். எட்டே வரி. சங்கு, சைக்கிள், கேரியர், சி.டி.எச். சாலை. கஷ்டம் ஒரு வரியும் இல்லை. 63 பேருக்கு வேண்டாம், இந்த மாதிரி விளையாட்டுகளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிற ஐந்து பேருக்குப் போதும் என்றேன்.

கட்டுரை வந்ததா என்று கேட்பீர்கள். இதை எழுதுகிற வரையில் வரவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை பையன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தான். ஐவரில் ஒருவர் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கிறார்: 'ரயில் கேட்டில் காத்திருந்தால் சங்கு ஊதிவிடுகிறது, சந்தில் திரும்பினால் சாம்பார் சிந்துகிறது. வேறு வழி உண்டா?'

"விளையாடிப் பார்த்திருக்கிறார் சார்!" என்றான். பாஃப்டா பரிசு வந்தாற்போல் இருந்தது அவன் முகம்.

அன்று இரவு கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, அலமாரியிலிருந்த பொட்டலத்தின் கயிற்றை வெட்டினேன். உள்ளே இரண்டு பிரதிகள் இருந்தன.