மூக்கின் தரை

2021 மே மாதம் ஒரு செய்தி வந்தது. தங்கச் சுரங்கம் மூடியபின் பாழடைந்து கிடந்த, சுரங்க நிறுவனமான பி.ஜி.எம்.எல்.-இன் மருத்துவமனையை ஊர்க்காரர்களே கூட்டிப் பெருக்கிக் கோவிட் நோயாளிகளுக்காகத் திறந்துவிட்டார்கள். அதைப் படித்ததிலிருந்து கோலார் தங்கவயல் நினைப்புதான். ஊரடங்கு தளர்ந்ததும் போனேன். அங்கே ராபர்ட்சன்பேட்டை நண்பர் ஒருவர், கோவிட் சோதனைக்கு மூக்கில் மாதிரி எடுக்கும் லேப் டெக்னீஷியன் அக்கா ஒருவரிடம் கூட்டிப்போனார்.

திறந்த தாழ்வாரத்தில் ஒரு மேசை. படிவம், கைப்பேசிப் பதிவெல்லாம் ஒரு பையன் பார்த்துக்கொண்டான். என் கண் குச்சியிலேயே இருந்தது. வளைந்துகொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தண்டு. நுனியில் நைலான் இழைகள் தூரிகைபோல் நிற்கின்றன. மரக்குச்சி ஆகாது, பி.சி.ஆர். சோதனையைக் கெடுத்துவிடும்.

"மூக்கு மேல்நோக்கிப் போகுதுன்னு நினைச்சு நெத்தியப் பாத்துக் குத்துறாங்க சார். எங்கப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேலை பாத்தவர். அவர் பாஷையில சொன்னா, மூக்கு செங்குத்தா இறங்குற ஷாஃப்டு இல்ல, லெவல். படுக்கையாத்தான் போகணும்" என்றார் அக்கா.

மூக்கில் ஆபரேஷன் ஆனதா, ரத்தம் வருமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா என்று முதலில் கேட்கிறார். வந்தவரின் வாயை மாஸ்க் மூடியே இருக்கிறது. தலையைப் பின்னுக்குச் சாய்க்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று, மூக்கின் தரையை ஒட்டிக் காதுப் பக்கமாகக் குச்சியைச் செலுத்துகிறார். பாதியில் முட்டினால் தள்ளுவதில்லை. எடுத்துவிட்டு அடுத்த துவாரம். பின்சுவரைத் தொட்டதும் சில நொடி நிறுத்தி, மெல்லச் சுழற்றி, நிதானமாக வெளியே எடுக்கிறார். குழாய்த் திரவத்தில் நுனியை இறக்கிக் கீறல் போட்ட இடத்தில் ஒடிக்கிறார்.

அடுத்து ஒரு பெரியவர். பழைய சுரங்கத் தொழிலாளி, குவார்ட்ஸ் தூசி தின்ற நுரையீரல். உட்கார்ந்ததுமே இருமினார். அக்கா இரண்டடி விலகிக் காத்திருந்தார்.

"அவசரமில்ல மாமா. வலிச்சா கையத் தூக்குங்க, எடுத்துடறேன்."

"எங்கப்பாவுக்கும் இதே இருமல்தான்" என்றார் என்னிடம் தாழ்ந்த குரலில்.

அக்காவின் இந்தக் கைக்கு என்ன கூலி? ஏஜென்சி வழியாகத்தான் சம்பளம், அதுவும் மாதம் தள்ளி. கோவிட் அலை ஓய்ந்தால் வேலையும் போகும். ஒருநாளும் கவச உடைக்குள் வியர்க்காதவர்களுக்கு இவர் உழைப்பில் ஏன் பங்கு? 2020 ஜூலையில் கர்நாடகத்தின் ஆஷா சுகாதார ஊழியர்கள் மாதம் 12,000 ரூபாய் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்ததே வெட்கக்கேடு. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியதிலிருந்து இந்த ஊரின் உழைப்பு மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு போகிறது. ஊரிலேயே தங்கிய கையையும் தரகர் பிடுங்கினால் எப்படி?

மதியம் மாதிரிகளோடு ஐஸ் பெட்டி கிளம்பியது. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் போய்ச் சேர வேண்டும். அக்கா கவசத்தைக் கழற்றினார். கழற்றும்போதுதான் கிருமி ஒட்டும் என்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே கையைச் சுத்தம் செய்துகொண்டார். விரல்நுனிகள் ஊறி வெளுத்திருந்தன.

பெரியவர் இன்னும் படியில்தான் இருந்தார். இருமல் அடங்கவில்லை. புது மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு, எட்டத்தில் அக்காவும் உட்கார்ந்தார்.