பட்டியலில் இடம்பெறாத ஆயத்தம்

நெடும்பயணம் செல்வோர் ஆயத்தம் செய்வது இயல்பு. எனினும், எவற்றுக்கெல்லாம் ஆயத்தம் செய்கிறோம் என்பதைப் பார்த்தாலே, போகும் இடத்தைப் பற்றி நம் உள்ளம் என்ன நினைக்கிறது என்பது விளங்கிவிடும். அண்மையில் டென்மார்க்கிலிருந்து எனக்கு வந்த மடல் ஒன்று இவ்வெண்ணத்தை என்னுள் எழுப்பியது.

மடல் எழுதியவர் காற்றாலைப் பொறியாளர். ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் ஓராண்டு பணியாற்ற வரவிருக்கிறார். இந்திய மண்ணில் அவர் கால்பதிப்பது இதுவே முதன்முறை. அவரோடு அங்கே பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் என் முகவரியைத் தந்திருக்கிறார். மடலோடு தம் ஆயத்தப் பட்டியலையும் இணைத்து, "விட்டுப்போனது ஏதும் உண்டா?" என்று கேட்டிருந்தார்.

பட்டியல் குறையற்றதாகவே இருந்தது. சுற்றுலா விசாவில் வந்து பணியாற்ற இயலாது என்பதை அறிந்து, வேலைக்கான விசாவையே கேட்டிருந்தார். 180 நாள்களுக்கு மேற்பட்ட பணி விசாவில் வருவோர், வந்திறங்கிய 14 நாள்களுக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் குறித்திருந்தார். குடற்காய்ச்சல், மஞ்சள்காமாலை ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள், பகலிலும் கடிக்கும் டெங்குக் கொசுவுக்கு மருந்து, 230 வோல்ட் மின்சாரத்திற்கேற்ற செருகிகள் என யாவும் வரிசையாய் இருந்தன.

நான் சிலவற்றைச் சேர்த்தேன். கொதிக்க வைத்து ஆறிய நீரையே பருகவேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தங்க இடம் தருவோர் 24 மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பதால், வீட்டு உரிமையாளர் கடவுச்சீட்டைக் கேட்டால் ஐயுறவேண்டாம். தமிழருட் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை; பெயருக்கு முன் நிற்கும் எழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது; எனவே அதைக் கொண்டு எவரையும் அழைக்கவேண்டாம்.

இவ்வளவும் எழுதியபின்னும் என் மனம் அமைதியடையவில்லை. அப்பட்டியலில் கொசு இருந்தது, நாய் இருந்தது, தண்ணீர் இருந்தது. உடன் பணிபுரியும் மனிதர் ஒருவர்கூட இல்லை. ஆனால், அவர் உயிர் அவர்கள் கையில்தான் இருக்கப்போகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அக்கணவாயில் எத்துணை வேகத்தோடு வீசும் என்பதை நம் மாவட்டத்தார்க்குச் சொல்லவேண்டியதில்லை. அக்காலத்தில் கோபுரத்தின் உச்சிக்கு ஏறலாமா, கூடாதா என்பதை அங்கேயே பல்லாண்டு உழைத்தவர் நன்கு அறிவார். "ஏறலாமா?" என்று வெளிநாட்டு அதிகாரி கேட்டால், நம் இளைஞரின் வாயில் "சரி சார்" என்ற சொல்லே முதலில் வரும். அச்'சரி' இசைவன்று; "கேட்டுக்கொண்டேன்" என்னும் மரியாதை மட்டுமே. கேட்டவரோ அதை ஒப்புதல் என்று கொள்வார். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வெளியில் ஓர் உயிர் தவறி விழக்கூடும்.

ஆகவே இறுதியாக அவருக்கு இவ்வாறு எழுதினேன்: "முடியுமா என்று கேளாதீர்கள், நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். முதல் மாதத்திலேயே, உம்மிடம் 'இல்லை' என்று சொல்லும் ஒருவருக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி கூறுங்கள். அவர்களோடு அமர்ந்து தேநீர் அருந்துங்கள். பட்டியலில் விட்டுப்போனது இதுவே."

இம்மண்ணுக்கு வேலை செய்ய வந்த வெளிநாட்டவர் நமக்குப் புதியவரல்லர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், மார்த்தாண்ட வர்மரிடமே பணியேற்று, 1777-இல் இறக்கும்வரை திருவிதாங்கூரின் படையைக் கட்டியெழுப்பினார். புனித தேவசகாயத்திற்குக் கிறிஸ்துவை அறிமுகம் செய்தவர் என்றும் அவரை நாம் அறிவோம். ஆயத்தப் பட்டியல் எதுவுமின்றித் தங்க நேர்ந்தவர் அவர். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. தம் மொழியோடு வந்தவர், நம் மொழியிலும் நினைக்கப்படுகிறார்.

வாசக அன்பர்களே, வருகிறவர்க்கு மட்டுந்தானா ஆயத்தம்? வரவேற்கும் நமக்கும் ஒன்று வேண்டும். விருந்தினர் மனம் கோணக்கூடாது என்று உண்மையை விழுங்குவதை நாம் பண்பாடு என்கிறோம். அவர் முகம் வாடுமே என்று அஞ்சி அவர் உயிரை இடருக்கு விடுவது எப்படி விருந்தோம்பலாகும்? கோபுரத்தின் அடியில் நின்று, "இன்று வேண்டாம், ஐயா" என்று தெளிவாகச் சொல்ல நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவோம். அன்பு அஞ்சாமல் பேசும் மொழி அது.