அட்டை கட்டிலுக்கு, மாத்திரைக்கு என்ன வழி?

உங்கள் இல்லத்தில் அறுபதைக் கடந்த பெற்றோர் இருப்பின், அவர்களுடைய தலையணைக்கு அருகே ஒரு மருந்துப் பை இருக்கும். சிலர் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பர். சிலர் துணிப்பையில் முடிந்து வைத்திருப்பர். இரத்த அழுத்தத்திற்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, கொழுப்பிற்கு ஒன்று, வயிற்று எரிச்சலுக்கு ஒன்று என அப்பையில் நாளொன்றுக்கு ஐந்தாறு மாத்திரைகள் சேர்ந்துவிடுகின்றன. நாம் சம்பாதித்துக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அந்தப் பைக்குள் போகிறது என்பதை என்றேனும் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா?

உத்திரமேரூர் வட்டத்தில் சாலவாக்கம் எங்கள் ஊர். அங்கே மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது என் பணி. கல்லூரியில் வரலாறு படித்து இளங்கலைப் பட்டம் பெற்றவன் என்பதால், அஸர் தொழுகைக்குப் பின் பெரியவர்கள் சிலர் ஆங்கிலத்தில் உள்ள மருந்துச் சீட்டுகளையும் காப்பீட்டுத் தாள்களையும் கொண்டுவந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, ஹஜ்ரத்?" என்று கேட்பதுண்டு. நான் மருத்துவன் அல்லன். காப்பீட்டு முகவரும் அல்லன். ஆயினும் பல தாள்களைப் படித்துச் சொல்லிச் சொல்லி ஓர் உண்மை எனக்குத் தெளிவாயிற்று. அதனைத்தான் உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒரு நாள் எழுபது வயதை நெருங்கும் பெரியவர் ஒருவர் தம் மருந்துச் சீட்டை நீட்டினார். அதில் இரத்த அழுத்த மாத்திரை நாள்தோறும் ஒன்று என்றிருந்தது. "பெரியத்தா, தவறாமல் சாப்பிடுகிறீர்களா?" என்றேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறேன். முப்பது மாத்திரை இரண்டு மாதத்துக்கு வந்துவிடும்" என்றார் அவர். பின்னர் குரலைத் தாழ்த்தி, "மகனிடம் சொல்லிவிடாதீர்கள். பேத்தியின் படிப்புச் செலவே அவனுக்குப் பெரும் பாரம்" என்றார். அவருடைய சட்டைப் பையில் அரசின் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவம் பெற உரிமை தரும் அட்டை அது! ஐந்து லட்சத்திற்கு உரியவர், அரை மாத்திரைக்கு வழியின்றி இருக்கிறார். இது எப்படி நேர்ந்தது?

கட்டிலும் மாத்திரையும்

விடை எளியது. நம் நாட்டில் காப்பீடு என்பது பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலுக்கு உரியது. நோயாளி உள்நோயாளியாகச் சேர வேண்டும். அறுவை சிகிச்சையோ பெருஞ்சிகிச்சையோ நிகழ வேண்டும். அப்போதுதான் அட்டை பேசும். வீட்டில் இருந்துகொண்டு அன்றாடம் விழுங்கும் மாத்திரைக்கு அது வாய் திறப்பதில்லை.

தமிழகத்தில் 2009 ஜூலை மாதம் தொடங்கப்பட்டு, 2012-இல் மாற்றியமைக்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதய அறுவையும் சிறுநீரகச் சிகிச்சையும் ஏழைக்கு எட்டும்படி செய்த திட்டம் அது. ஏழைக் குடும்பங்கள் அதற்குப் பிரீமியம் கட்டுவதில்லை. 70 வயதைக் கடந்தோருக்கு வருமான வரம்பு பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத்தின்கீழ் தொடங்கிற்று. ஆயுஷ்மான் பாரத்தில் மருந்துக்குக் கிடைப்பது, மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களும், வீடு திரும்பிய பின் 15 நாட்களும் மட்டுமே. பதினாறாம் நாள் மாத்திரைக்கு யார் பொறுப்பு? நாம்தான்.

பணம் கட்டி எடுக்கும் தனியார் காப்பீடும் ஏறத்தாழ அவ்வாறே. எல்லா நிறுவனங்களும் ஒரே அமைப்பில் தரவேண்டும் என்று 2020-இல் வகுக்கப்பட்ட ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், சேர்வதற்கு முன் 30 நாட்கள், திரும்பிய பின் 60 நாட்கள் மருந்துச் செலவு உண்டு. அதன்பின் இல்லை. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இரண்டு நல்ல மாற்றங்களைச் செய்தது. 65 வயதுக்கு மேற்பட்டோர் புதிதாகச் சேர இருந்த தடை நீங்கிற்று; முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 4 ஆண்டிலிருந்து அதிகபட்சம் 3 ஆண்டாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. வரியும் இல்லை. ஆயினும் எழுபது வயதில் கட்டவேண்டிய பிரீமியம் பெருந்தொகை. மூன்றாண்டு காத்திருப்பும் சிறிதன்று. சில நிறுவனங்கள் கூடுதல் பணம் பெற்றுக்கொண்டு வெளிநோயாளி மருந்துக்கும் ஓரளவு தருகின்றன. அத்தகைய பாலிசியை எடுக்குமுன், கூடுதலாகக் கட்டும் தொகை எவ்வளவு, மருந்துக்கென அவர்கள் தரும் உச்சத் தொகை எவ்வளவு என்று இரண்டையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பல நேரங்களில் நம் பணத்தையே நாம் திரும்ப வாங்குவதாக முடியும்.

பணம் கட்டும் காப்பீடு மார்க்கத்தில் ஆகுமா என்ற ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. அதனை அவரவர் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நலம். அரசின் திட்டத்தில் நாம் எதுவும் கட்டுவதில்லை என்பதையும் அவர்களிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் ஒரு முறை

மாத்திரைக்கென்றே தனிக் காப்பீடு உலகில் இல்லையா? உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் 2006 ஜனவரி 1 முதல் மருந்துக்கென ஒரு தனிப் பகுதி நடைமுறைக்கு வந்தது. தனியார் நிறுவனங்கள் பல திட்டங்களை முன்வைக்க, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை முதியோர் தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். 2025-ஆம் ஆண்டில் அத்திட்ட மருந்துகளுக்கு ஒருவர் தம் கையிலிருந்து செலவிடவேண்டிய உச்சவரம்பு 2,000 டாலர் என்று வரையறுக்கப்பட்டது.

அங்கே விவரம் அறிந்தவர்கள் முதலில் பார்ப்பது மாதத் தவணை குறைவா என்பதை அன்று. தாம் உண்ணும் மாத்திரைகளின் பெயரையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, எந்தத் திட்டத்தின் பட்டியலில் அவை இருக்கின்றன என்று ஒப்பிடுகிறார்கள். தவணை மலிவாக இருந்து, தம் மாத்திரை அதில் இல்லையென்றால் அத்திட்டத்தால் பயனென்ன? திட்டத்தைப் பார்த்து மருந்தைத் தேடாதே; மருந்தைப் பார்த்துத் திட்டத்தைத் தேடு என்பதே அதன் சாரம். அந்த நாட்டுத் திட்டம் நமக்கில்லை. ஆனால் அந்த வழிமுறை நமக்கும் பொருந்தும்.

நமக்குள்ள வாசல்கள்

முதல் வாசல் அரசு ஆரம்ப சுகாதார நிலையம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் நிறுவப்பட்டது. மருந்துகளை அவற்றின் வேதிப் பெயரிலேயே மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அளிப்பது அதன் பணி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை நடமாட இயலாதோரின் வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்தது.

"சும்மா கொடுக்கிற மாத்திரையில் என்ன வீரியம் இருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அக்கழகம் வாங்கும் மருந்தில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே வினியோகிக்கிறது. விலை கேட்டுப் பிறக்கும் மதிப்பு வேறு. மருந்தின் குணம் வேறு.

இரண்டாம் வாசல், மலிவு விலை மருந்துக் கடைகள். 2008-இல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில், நிறுவனப் பெயர் தாங்கிய மருந்தின் விலையில் பாதிக்கும் குறைவாகவே பல மருந்துகள் கிடைக்கின்றன. தமிழகத்தில் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அம்லோடிபின், மெட்ஃபார்மின், அடோர்வாஸ்டாடின் என்னும் பெயர்கள் மருந்துக்கு உரியவை. அட்டையின்மேல் பெரிய எழுத்தில் மின்னுவது நிறுவனம் இட்ட பெயர். சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரசு நிலையத்தில் தந்த மாத்திரையும், தனியார் மருத்துவர் எழுதிய மாத்திரையும் வெவ்வேறு நிறமாய் இருக்கலாம். உள்ளே மருந்து ஒன்றாகவே இருக்கும். இரண்டு வேறு மருந்து என்றெண்ணி இரண்டையும் உண்டால் அழுத்தமோ சர்க்கரையோ அளவுக்குமீறித் தாழ்ந்து மயக்கம் வரும். எனவே சிறிய எழுத்தைப் படித்துவிடுங்கள்.

மூன்றாம் வாசலைப் பலர் அறியார். தொழிற்சாலையில் வேலை பார்த்து, இ.எஸ்.ஐ. திட்டத்தில் குறைந்தது 5 ஆண்டுகள் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு வெறும் 120 ரூபாய் கட்டித் தமக்கும் தம் துணைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடர விதி செய்யப்பட்டிருந்தது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் அன்றாட மாத்திரையும் கிடைக்கும் என்பதால், முதியோருக்கான மருந்துக் காப்பீடு என்று நம் நாட்டில் சொல்லத்தக்கது இதுவே. அம்பத்தூரிலும் குரோம்பேட்டையிலும் ஒரகடத்திலும் உழைத்துத் திரும்பியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! பழைய இ.எஸ்.ஐ. எண்ணைத் தேடி எடுத்துக் கிளை அலுவலகத்தில் இன்றைய நிபந்தனைகளைக் கேளுங்கள்.

தேர்ந்தெடுக்கும் முறை

இனிச் செய்யவேண்டியது யாது? ஒரு முழுத்தாளை எடுத்து, பெற்றோர் உண்ணும் எல்லா மாத்திரைகளின் மருந்துப் பெயரையும், அளவையும், வேளையையும் எழுதுங்கள். அத்தாளோடு அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இவற்றில் இன்றும் தேவையானவை எவை, நிறுத்தத்தக்கது உண்டா, மலிவான மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். நோன்பு வருமுன் வேளைகளை எப்படி மாற்றுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள், நாமாக மாற்றலாகாது. பின்னர் ஒவ்வொரு மருந்துக்கும் நேராக, சுகாதார நிலையத்தில் கிடைப்பது, மலிவுக் கடையில் கிடைப்பது, வெளியில்தான் வாங்கவேண்டியது என்று குறியுங்கள். வெளியில் வாங்குவதற்கான மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். அதுவே உங்கள் வீட்டின் உண்மையான மருந்துச் சுமை. அரசு அட்டையை அதற்குப் பிறகு எடுங்கள், கட்டாயம் எடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் உங்கள் குடும்பத்திற்கு எது பொருந்தும், எந்தெந்த மருத்துவமனையில் செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் பாலிசி என்பது இவற்றுக்கெல்லாம் பின்னர், கையில் மிச்சம் இருந்தால்.

மாத்திரைக்கு ஏன் இந்த முதலிடம்? இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. மாத்திரையைப் பாதியாக்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆண்டுகள் சில கழித்து ஒரு காலைப் பொழுதில் கை விளங்காமற் போகிறது. அல்லது சிறுநீரகம் பழுதாகிறது. அப்போது அட்டை திறக்கிறது. கட்டிலைத் தருகிறது, கையைத் திருப்பித் தருவதில்லை. மாத்திரையை ஒழுங்காகக் கொடுப்பவர், அந்த அட்டைக்கே வேலை வராமல் பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் உத்திரமேரூர் வட்டத்திலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கே நடந்த ஒரு மருத்துவமனையைப் பற்றி அது பேசுகிறது. 15 படுக்கைகள், மருத்துவர், பணிப்பெண்கள் என்று கணக்குச் சொல்லும் அக்கல்வெட்டு, அத்துடன் நிற்கவில்லை. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் வரிசையாகப் பொறித்திருக்கிறது. கட்டிலை மட்டும் எண்ணி மருந்தை மறந்துவிடவில்லை அன்றைய மக்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வீட்டு முதியவரின் ஓராண்டு மருந்துக்கு நம்மிடம் கணக்கு இல்லையென்றால் அது தகுமா?

மஹல்லா ஜமாஅத்தினருக்கும் ஒரு சொல். திருமணப் பதிவேடும் சந்தாப் பதிவேடும் நம்மிடம் உள்ளன. பிள்ளைகளின்றித் தனித்திருக்கும் முதியோருக்கென மருந்துப் பதிவேடு ஒன்றையும் தொடங்கலாமே! வண்டி வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் மாதம் ஒருமுறை சுகாதார நிலையத்திற்கு அவர்களை அழைத்துச் செல்லட்டும். வெளியில் வாங்கவேண்டிய ஓரிரு மருந்தைப் பைத்துல்மாலிலிருந்து வாங்கிக் கொடுக்கட்டும். சிறு தொகைதான், தீரும் கவலையோ பெரிது.

வாசகர்களே! பெற்றோர் தம் மருந்துச் செலவைப் பற்றி நம்மிடம் வாய் திறக்கமாட்டார்கள். பிள்ளைக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற அச்சமே அவர்களுடைய பெரிய நோய். கேட்கும் பொறுப்பு நம்முடையது. அதட்டிக் கேளாமல், அருகில் அமர்ந்து, அந்தப் பையை மடியில் வாங்கி, மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். இருக்கவேண்டிய கணக்கைவிட மிகுதியாக மாத்திரை மிஞ்சியிருந்தால், அது சேமிப்பு அன்று. நமக்குச் சொல்லாமல் அவர்கள் தாங்கிய குறை. அக்குறையைத் தீர்க்கும் வாய்ப்பை, அவர்கள் நம்மோடு இருக்கும் காலத்திலேயே வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!