புள்ளியும் புன்னகையும்

1972ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஜப்பானின் சப்போரோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தேறின. மகளிர் பனிச்சறுக்கு நடனப் போட்டி அந்நாளில் இரு கூறுகளை உடையது. ஒன்று, சறுக்குக் காலணியின் கூர்விளிம்பால் பனித்தளத்தில் வட்டங்களைப் பிசகின்றி வரைதல்; மற்றொன்று, இசைக்கேற்ப ஆடுதல். இரண்டிற்கும் சரிபாதிப் புள்ளிகள்.

ஆஸ்திரிய நாட்டுப் பியாட்ரிக்ஸ் ஷூபா வட்டம் வரைவதில் நிகரற்றவர். நடனத்தில் ஏழாம் இடமே பெற்றும் தங்கம் அவருக்கே உரியதாயிற்று. கனடாவின் கேரன் மேக்னசன் வெள்ளி வென்றார். நடனத்தில் முதலிடம் பெற்ற அமெரிக்க நங்கை ஜேனட் லின்னுக்குக் கிட்டியதோ வெண்கலம்! தொலைக்காட்சியில் நடனத்தை மட்டுமே கண்டோர் முடிவு புரியாது திகைத்தனர்.

அந்நடனத்தினிடையே லின் அமர்ந்தவாறு சுழல முற்பட்டுத் தவறி விழுந்தார். ஆயினும் முகம் வாடவில்லை. புன்னகையோடு எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஜப்பானிய மக்கள் அப்புன்னகையை நெஞ்சில் பதித்துப் போற்றினர்.

1973இல் வட்டங்களுக்குரிய பங்கு குறைக்கப்பட்டு, குறுகிய நேர நடனம் ஒன்று சேர்க்கப்பட்டது. 1990க்குப் பின் பன்னாட்டுப் போட்டிகளில் வட்டங்களே இல்லாமற் போயின.

ஷூபாவின் வெற்றியில் குறை காண்பது அறமன்று. விதி எதனை அளந்ததோ அதிலே அவர் சிறந்தார். அதற்குப் பின்னே எத்தனை ஆண்டு உழைப்பு இருந்திருக்கும்! எனினும், அளவுகோல் அளக்காத ஒன்றை மக்கள் கண்டுகொண்டனர். பின்னர் அளவுகோலும் திருத்தம் பெற்றது. விடைத்தாளில் சிவப்பு மையால் புள்ளியிடும் கைகள், ஒரு கணம் நின்று இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.