கண்ணாடி ஓட்டுக்குக் கீழே

பையில் இரண்டு எல்இடி விளக்கு, ஒரு ஃப்ளாஷ், மடக்குக் குடை, நாலு மீட்டர் வெள்ளைத் துணி. உள்ளறையில் விளக்கு வைத்துப் படம் எடுக்கக் கற்கத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் பாட்டியையும் பித்தளைச் சொம்பையும் எடுத்துப் பழகியாயிற்று. வேலை நடக்கிற இடத்தில் எடுத்துப் பார்க்கும் ஆசை வந்தது. நண்பர் ஒருவர் சொல்லிவைக்க, காவாந்தண்டலத்தில் பட்டுத் தறி போட்டிருக்கும் ஒரு வீட்டுக்குப் போனேன்.

செய்யாற்றுப் பக்கத்து ஊர். வெளியே கண்ணைக் குத்தும் வெயில், திண்ணையைத் தாண்டினால் இருட்டு. கூடத்தில் முக்கால்வாசி இடத்தைக் குழித்தறி பிடித்துக்கொண்டிருந்தது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டுப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மறுகரையில் அவர் மனைவி, கோர்வைக்கு ஆள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று மூன்று நாடா ஓட்டி நெய்யும்போது இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கையைத்தான் நான் படமெடுக்கப் போயிருந்தேன்.

விளக்கைக் கம்பத்தில் மாட்டி, பெரியவர் முகத்துக்கு நேரே நிறுத்திப் போட்டேன். நாடா நின்றது.

"தம்பி, அந்த லைட்டு கண்ணைக் கூசுது. இழையே தெரியல."

அணைத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. இடது பக்கத்து ஜன்னலைக் காட்டி, தாத்தா காலத்தில் குழி தோண்டும்போதே அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் தோண்டினார்கள் என்றார். வெளிச்சம் பாவின் மேல் சாய்வாக ஓடினால்தான் அறுந்த இழை துருத்திக்கொண்டு தெரியும். வலது கையின் நிழலும் நெய்கிற இடத்தில் விழாது. தலைக்கு மேல் நாட்டு ஓடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதற்குக் கீழே ஒரு டியூப் லைட். கைத்தறிக்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் 2023 முதல் இலவசம், 200-லிருந்து உயர்த்தினார்கள். ஆனாலும் பகலில் டியூப் லைட்டைப் போடுவதில்லை என்றார் அந்த அம்மா. "அதுல ரெண்டு கலரும் ஒண்ணாத் தெரியும்."

மேலிருந்து கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சத்தில் வேலை செய்வது புகைப்படக்காரர்களுக்கும் ஒருகாலத்தில் வழக்கம்தான். மின்விளக்கு வருவதற்கு முன்பு ஸ்டூடியோக்களுக்குக் கண்ணாடிக் கூரை போடுவார்கள், அல்லது வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் வைப்பார்கள். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது என்று புகைப்படப் புத்தகங்கள் எழுதுகின்றன. அது ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் சரி. நம் ஊரில் சித்திரையில் ஒருநாள் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, பிறகு ஆவணித் தொடக்கம் வரை நண்பகலில் வடக்கே சாய்ந்தல்லவா நிற்கிறது! அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். பெரியவருக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனி, ஆடியில் வடக்கு ஜன்னலுக்கு ஒரு பழைய வேட்டியைக் கட்டிவிடுவாராம்.

அடுத்து ஃப்ளாஷ். நேராக அடித்தால் முகம் தட்டையாகிவிடும், சுவரில் அடித்துத் திருப்பினால் மென்மையாக வரும் என்று படித்திருந்தேன். அடித்தேன். மென்மையாகத்தான் வந்தது, ஆனால் பெரியவரின் முகம் பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்தது. சுவருக்குப் பச்சைச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சுவர் எந்த நிறமோ, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் அந்த நிறம். கூரையிலாவது அடிக்கலாமென்றால், கரிபிடித்த ஓடு இருந்த வெளிச்சத்தையும் விழுங்கிவிட்டது.

அப்போதுதான் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா நினைவுக்கு வந்தார். 1956-இல் வெளியான சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றம் உண்மையில் ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். திறந்த வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத வெளிச்சம் அங்கே வேண்டியிருந்தது. செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பினார். படம் பார்ப்பவருக்கு அது வானம். அந்த வானத்தை ஒரு வீட்டுக் கூடத்துக்குள் கட்டிப் பார்க்கலாமே என்றுதான் நாலு மீட்டர் துணியைச் சுமந்துகொண்டு போயிருந்தேன். உத்தரத்தில் இரண்டு முனை, ஜன்னல் கம்பியில் இரண்டு முனை. கட்டுவதற்கு அம்மாவே ஸ்டூல் போட்டு ஏறினார். இரண்டு எல்இடியையும் கீழிருந்து துணியின் மேல் திருப்பிப் போட்டேன்.

வெளிச்சம் சரியானதும் அசைவு தகராறு செய்தது. நாடா பாய்கிற வேகத்துக்கு 1/500 நொடி வைத்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவுக்குத் தெரிந்துவிடுகிறது. 1/100-க்கு இறக்கியதும் பட்டை மறைந்தது, ஆனால் கைகள் புகையாகக் கலைந்தன. எண்களை மாற்றி மாற்றி ஒரு மணிநேரம் போயிற்று. பிறகு கேமராவைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பார்த்தேன்.

மிதி, நாடா, அடி. மறுபடி மிதி, நாடா, அடி. அச்சு வந்து துணியில் மோதுகிற அந்தக் கணத்தில் எல்லாமே நின்றுவிடுகிறது. கை, தோள், கண் மூன்றும் ஒரு மூச்சளவு அசையாமல் இருக்கின்றன. சத்தம் கேட்ட பிறகு அமுக்கினால் தாமதம். மிதி இறங்கும்போதே விரல் தயாராக இருக்க வேண்டும். அவருடைய தாளத்துக்குள் நான் போய்ச்சேர இன்னும் அரைமணி ஆனது. அதற்குப் பிறகு 1/100-இல் எடுத்ததிலேயே விரல் நகம் வரை தெளிவாக விழுந்தது.

ஜரிகைதான் கடைசிவரை மல்லுக்கு நின்றது. நேரில் தங்கமாக மின்னுகிற கரை படத்தில் கறுப்பாக இருந்தது. விளக்கைக் கூட்டினேன்; அங்கங்கே வெள்ளைப் புள்ளி வெடித்ததே தவிர, மீதிக் கறுப்பு போகவில்லை. பெரியவர் திரையை எட்டிப் பார்த்தார். எழுந்து போய், நெய்து மடித்து வைத்திருந்த ஒரு புடவையின் முந்தியை எடுத்துவந்து கையில் பிடித்து வாசல் பக்கம் சாய்த்தார். தங்கம். கூடத்துப் பக்கம் திருப்பினார். கறுப்பு.

"ஜரிகை எதைப் பாக்குதோ அதைத்தான் தம்பி காட்டும்."

காஞ்சிபுரம் கடைகளில் பெண்கள் புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காரணத்தை அன்றைக்குத்தான் கண்ணால் புரிந்துகொண்டேன். ஜரிகை உலோகம், ஆயிரக்கணக்கான சின்னக் கண்ணாடி. இருட்டுக் கூடத்தைப் பார்த்தால் இருட்டைத்தான் திருப்பித் தரும். அதற்கு வேண்டியது பலமான விளக்கு இல்லை, பார்ப்பதற்கு ஒரு வெளுத்த பரப்பு. மேலே கட்டிய துணியின் ஒரு முனையை அவிழ்த்து, கரை பார்க்கிற பக்கமாகத் தாழ்த்திக் கட்டினோம். கரை முழுக்கப் பழுத்த மஞ்சளாக எழுந்தது.

அதோடு இரண்டு எல்இடியையும் அணைத்துவிட்டேன். ஜன்னல், கண்ணாடி ஓடு, துணி போதும். இன்னும் ஒன்று மிச்சம்: வாசலிலிருந்து வந்த வெளிச்சம் அம்மாவின் முகத்தின் மறுபாதியையும் நிரப்பி, நிழலே இல்லாமல் செய்துகொண்டிருந்தது. ஒரு கறுப்புப் போர்வையைக் கேட்டு வாங்கி வாசலில் தொங்கவிட்டேன். கன்னத்தில் ஒரு பக்கம் இருள் கூடியது. மூன்று மாதமாக விளக்கைக் கூட்டத்தான் பழகியிருந்தேன். வெளிச்சத்தை மறித்து நிழல் உண்டாக்கியது அன்றுதான் முதல் தடவை.

நாலு மணிக்குக் கண்ணாடி ஓடு மங்கியது. எடுத்ததில் நல்லதாக ஆறு படம் தேறியிருக்கும். மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். தன் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன், அம்மாவோ கடைசிப் படத்தில் கரையோரத்தைப் பெரிதாக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினார்.

"இங்க பாருங்க, இழை ஒண்ணு விட்டிருக்கு."

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையிடம் குனிந்தார். எழுந்து போய்க் குழிக்குள் இறங்கி, பாவை ஜன்னல் வெளிச்சத்தில் விலக்கிப் பார்த்து, அறுந்த நுனி இரண்டையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டார். போர்வையை எடுத்துவிடச் சொல்லி அம்மா எனக்குக் கை காட்டினார்.