கருமத்தம்பட்டி முதல் திருப்பூர் வரை

கோவையிலிருந்து அவினாசி நோக்கிச் செல்லும் பெருவழியில் கருமத்தம்பட்டி இருக்கிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் விசைத்தறிகளின் ஓசை இரவும் பகலும் ஓய்வதில்லை. அந்த ஓசையின் நடுவே செபமாலை அன்னையின் திருத்தலம் நிற்கிறது. அக்டோபர் மாதத் தேர்த் திருவிழாவுக்குக் கொங்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து கூடுகின்றனர். அங்கிருந்து சோமனூர், மங்கலம் வழியாகச் சென்றால் திருப்பூரை அடையலாம். நெடுந்தூரப் பயணமன்று. ஆனால் அயல் மண்ணுக்கு வந்து பணிசெய்வோரைப் பற்றிச் சிந்திக்க இவ்வழியில் நிறைய உண்டு.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஒரு பிரெஞ்சு நாட்டுக் குரு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவரே மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆண்டகை. பின்னாளில் கோவை மறைமாநிலத்தின் முதல் ஆயர். பிரான்சின் தென்பகுதியில் 1813-இல் பிறந்த அவர், 1842-இல் கப்பலேறிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். முதற்கண் தமிழ் கற்றார். சேலம் பகுதியில் பணியாற்றினார். பின்னர்ப் புதுச்சேரியில் குருமாணவரைப் பயிற்றுவித்தார். இம்மண்ணின் திருச்சபையை இம்மண்ணின் குருக்களே வழிநடத்தும் நிலைக்கு உயர்த்த வேண்டும் என்பது அவர் உள்ளத்தில் எரிந்த ஆவல்.

மொழியைக் கற்றுவிட்டால் அயல்நாட்டு வாழ்வின் இடர் யாவும் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. பிரெசிலாக் ஆண்டகையின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. சாதி வழக்கங்களை எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி அவருடைய மனச்சான்றை ஓயாது வாட்டியது. உள்நாட்டுக் குருக்கள் பற்றிய அவரது எண்ணத்துக்கும் எதிர்ப்பு இருந்தது. இறுதியில் பதவி விலக வேண்டினார். 1855-இல் அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டது. அதன்பின் 1856 டிசம்பர் 8-ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். 1859 மே மாதம் ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் கால்வைத்தவர், ஆறு வாரங்களுக்குள் கொள்ளைநோய்க்குத் தம் உயிரை ஈந்தார். 2020-ஆம் ஆண்டு திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. வந்தவர் எவ்வளவு முயன்றாலும், இருப்போர் தமக்குள் எழுப்பிய சுவர் அவரையும் தடுத்துவிடும் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறதன்றோ?

இனித் திருப்பூருக்கு வருவோம். 1925-இல் இங்கே பனியன் தொழில் வேரூன்றியது என்பர். 1970-களின் இறுதியில் இத்தாலி நாட்டு வணிகர் தேடி வந்ததிலிருந்து ஏற்றுமதி பெருகிற்று. இன்று இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இவ்வட்டாரத்தினுடையது. முன்னர் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் மாநிலங்களின் இளைஞரும் இளம்பெண்களும் வருகின்றனர். ஊரிலிருந்து இரண்டு மூன்று நாள் இரயில் பயணம். ஓர் அறையில் பலர். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று பிரிவுக்கொரு வேலை. வேலை மிகுந்த நாள்களில் ஒன்றரை ஷிப்டு. சனிக்கிழமை சம்பளம் பெற்று, ஊருக்குப் பணம் அனுப்பி, ஞாயிறன்று காதர்பேட்டைக் கடைகளில் இவர்கள் கூடுவதைக் காணலாம். கடைப்பலகைகளிலும் இந்தி எழுத்துகள் தோன்றியுள்ளன. கைமடியாகச் சேர்ந்தவர் ஓரிரு ஆண்டுகளில் தையல் இயந்திரத்தில் அமர்வதும் உண்டு.

இவர்களுள் நம் சகோதரரும் உளர் என்பதை நாம் மறக்கலாகாது. ஜார்க்கண்டின் முண்டா, ஓராவ்ன், காரியா பழங்குடியினருள் கத்தோலிக்கர் பலர். அவர்களிடம் 1885-இல் சென்றவர் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ். நிலத்தை இழந்து தவித்த மக்களுக்கு நீதிமன்றத்தில் துணைநின்று, அவர்தம் நம்பிக்கையைப் பெற்றார். நமக்கு ஒரு பிரெஞ்சு ஆயர். அவர்களுக்கு ஒரு பெல்ஜியக் குரு. இருவரும் அந்நியராய் வந்தவர்களே. அந்த நம்பிக்கையின் பிள்ளைகள் இன்று நம் ஊரில் ஆலயத்தின் கடைசி வரிசையில் நின்று, மொழி புரியாமலே திருப்பலி கண்டு, யாரும் பேச்சுக் கொடுக்கும் முன்னே வெளியேறிவிடுகின்றனர் எனில், குறை யாருடையது?

2020-இல் ஊரடங்கு வந்தபோது தொழிற்கூடங்கள் மூடின. கூலியின்றித் தவித்த இவர்களைச் சிறப்பு இரயில்கள் மே மாதத்தில் சொந்த ஊருக்கு ஏற்றிச் சென்றன. 2023 மார்ச்சு மாதத்தில் வடமாநிலத்தவர் தாக்கப்படுகின்றனர் என்ற பொய்க் காணொளிகள் பரவின. அச்சத்தால் பலர் மூட்டை கட்டினர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. அண்டை வீட்டாரோடு நாலு சொல் பேசிப் பழகியவருக்கு, வதந்தி வந்ததும் சென்று கேட்க ஒரு கதவு இருந்திருக்கும். பழகாதவருக்குக் கைபேசியில் வந்த படமே செய்தி. ஆகவே நட்பு என்பது நல்லுள்ளத்தின் அழகு மட்டுமன்று. ஊரின் அமைதிக்கும் அதுவே காவல்.

திருக்குடும்பமே எகிப்தில் அந்நியராய் வாழ்ந்தது. புலம்பெயர்ந்தோரைப் பற்றி 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் விடுத்த மடல், அத்திருக்குடும்பத்தையே முன்மாதிரியாய் நிறுத்துகிறது. செப்டம்பரின் கடைசி ஞாயிறு புலம்பெயர்ந்தோர், அகதிகள் உலக நாளாகச் சிறப்பிக்கப்படுகிறது. அந்த ஒரு நாள் போதாது. பங்குக் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பாடற்குழுவில் ஓர் இந்திப் பாடலுக்கு இடமளிக்கலாம். அன்பியக் கூட்டத்துக்கு அடுத்த அறையிலிருப்போரையும் அழைக்கலாம். அவர்தம் சிறுவரைப் பள்ளியில் சேர்க்க ஒருவர் உடன் செல்லலாம். தம் ஊர்க் குடும்ப அட்டையைக் கொண்டே இங்கு நியாயவிலைக் கடையில் தானியம் பெற வழியுண்டு என்பதைச் சொல்லிக் கொடுக்கலாம். தொழிற்கூடம் நடத்தும் நம்மவர், ஊதியத்தையும் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். உரிமைகளையும் குறைவின்றி வழங்கினால், அதைவிடச் சிறந்த மறையுரை வேறில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளும் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கின்றனர். அங்கே திருப்பலிக்குச் சென்றதாக மகன் தொலைபேசியில் கூறும்போது தாய் கொள்ளும் நிறைவை நாம் அறிவோம். சிம்டேகாவிலோ சுந்தர்கரிலோ அதே செய்திக்காக இன்னொரு தாய் காத்திருக்கிறாள். அவள் மகன் நிற்பது நம் ஆலயத்து வாயிலில். அவனை உள்ளே அழைத்து அமரச் செய்வோம்.