நாணயத்துக்கு நினைவில்லை

பிறப்புரிமையியலை நாம் மெண்டலின் பட்டாணியிலிருந்தே கற்பிக்கத் தொடங்குவது வழக்கம். புரூண் நகரத்து மடாலயத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை செடி வளர்த்த அத்துறவி, 1866இல் வெளியிட்ட கணக்கிலே, கலப்புச் செடிகள் ஈன்ற வித்துக்களுள் உருண்டை 5,474, திரங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மாணாக்கர் இதனை நொடியில் மனனஞ் செய்துவிடுவர். தொல்லையும் அங்கேதான் தொடங்குகின்றது.

தாயும் தந்தையும் தலசீமியாக் காவிகள். அவர்களுக்கு நான்கு பிள்ளைகள் எனின் யாது நேரும் என வினவுவோம். (காவிகள் தாம் நலமாகவே உலாவுவர், அதனாலன்றோ எவரும் ஐயுறுவதில்லை.) "ஒன்றுக்கு நோய், மூன்றுக்குச் சுகம்" என வகுப்பு ஒருமித்து விடை பகரும். தலைப்பிள்ளை நோயுற்றால் அடுத்த மூவருக்கும் அச்சமில்லை என்றாகிவிடுகிறதே! அதனை நம்பிய வீட்டிலே, மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளைகள் இருவராதலுங் கூடும்.

ஆகவே மேசைமீது இரண்டு நாணயங்களை வைப்போம். ஒன்று தாய், மற்றது தந்தை. இரண்டிலும் பூ விழுந்தால் நோய். நான்கு நான்கு முறையாகச் சுண்டி எழுதும்போது, ஒரு குழுவினருக்கு நோயே வாராது. இன்னொரு குழுவினருக்கோ அடுத்தடுத்து இருமுறை வரும். "முந்தி விழுந்தது நாணயத்துக்குத் தெரியாதே, ஐயா!" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழும்.

ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாகவே நான்கில் ஒன்று. இதனை உணர்ந்த வகுப்பிலே அடுத்த வினா தானாக வரும்: "அப்படியாயின், கலியாணத்துக்கு முன்பே இருவரும் இரத்தம் சோதிக்கலாமோ?"

சோதிக்கலாம். சாதகம் பார்க்கும் அதே வாரத்திலேயே சோதிக்கலாம்.